குடிசையும் கிஸ்தி ரசீதும்: வடதுருவ நில உரிமைகள் குறித்து

ராதாபுரம் பக்கத்துத் தேரி ஓரத்தில் ஒரு பனை விளைக்காக என் தாத்தாவும் அவருடைய பங்காளியும் பல வருஷம் வழக்காடினார்கள். பங்காளி தம் அனுபவத்தைக் காட்ட ஒரு பனையேறிக் குடும்பத்தை ஓலைக் குடிசை போட்டுக் குடிவைத்தார். தாத்தாவோ தகரப் பெட்டியில் இருந்த கிஸ்தி ரசீதுகளை வருஷ வரிசையில் நூலில் கோத்து எடுத்துப் போனார். ரசீதுகள் வென்றன. குடிதண்ணீருக்கு ஊர்க்கிணறு வரை நடந்துகொண்டிருந்த அந்தக் குடும்பம் பானை சட்டியோடு வெளியேறியது.

ஒரு நாடு தன் வடகோடியில் ஆளைக் குடிவைத்தால் அதன் நில உரிமை வலுக்குமா, ஆட்சி நடத்தியதற்கான தடயங்களே போதுமா என்ற கேள்விக்கும் ஏறத்தாழ இதே விடைதான் கிடைக்கிறது. கிழக்கு கிரீன்லாந்தில் நார்வே வேட்டைக்காரர்களுக்குக் குடிசைகளும் ஒரு வானொலி நிலையமும் இருந்தன; அந்த பலத்தில் நார்வே 1931 ஜூலை 10 அன்று அப்பகுதியைத் தன் வசமாக்கியதாக அறிவித்தது. டென்மார்க் காட்டியவை பெரும்பாலும் தாள்களே: சட்டங்கள், வணிக அனுமதிகள், கிரீன்லாந்தைத் தனியே குறிப்பிட்ட ஒப்பந்தங்கள், போதாததற்கு 1919-இல் நார்வே வெளியுறவு அமைச்சர் ஈலன் வாய்மொழியாகக் கொடுத்த உறுதி. டென்மார்க்கும் 1925-இல் கிழக்கு கிரீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பிசுண்டில் ஒரு குடியிருப்பை நிறுவியிருந்தது உண்மையே. ஆனால் ஆள் அரவமற்ற நிலத்தில் மிகச் சிறிய அளவு ஆட்சிச் செயலே போதும், அதைவிட வலுவான உரிமையை எதிர்த்தரப்பு காட்டாத வரை, என்ற அடிப்படையில்தான் பன்னாட்டு நிரந்தர நீதிமன்றம் 1933-இல் டென்மார்க்கின் பக்கம் தீர்ப்பளித்தது.

கனடா இரண்டு வழிகளையும் கையாண்டது. தன் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் 1922 முதல் காவல் நிலையங்களைத் திறந்து, விரல்விட்டு எண்ணக்கூடிய காவலர்களை வைத்து, தபால் நிலையமும் நடத்தியது. கடிதம் போட யார் இருந்தார்கள் என்று கேட்கக் கூடாது, தபால் முத்திரையே அங்கு ரசீது. எல்ஸ்மியருக்கு மேற்கே உள்ள ஸ்வெர்ட்ரூப் தீவுகள் மீதான கனடாவின் உரிமையை நார்வேயும் 1930-இல் ஏற்றது. அப்படியிருந்தும் 1953-இலும் 1955-இலும் வட கியூபெக்கிலுள்ள இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் என்ற வடதுருவப் பழங்குடிக் குடும்பங்களை ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய், மாதக்கணக்கில் சூரியன் எட்டிப்பார்க்காத கிரைஸ் ஃபியர்டிலும் ரெசொல்யூட்டிலும் இறக்கினார்கள். வேட்டை நன்றாகக் கிடைக்கும், இரண்டு வருஷத்தில் விரும்பினால் திரும்பலாம் என்ற வாக்குறுதி காற்றில் போயிற்று. 1996-இல் ஒரு கோடி டாலர் நிதியும் 2010-இல் அரசின் மன்னிப்பும் வந்தன. என் கணிப்பில், நில உரிமைக்கு இக்குடியேற்றம் சேர்த்த பலம் சொற்பம். பனையேறிக் குடும்பத்தைப் போல அவர்கள் பிறர் வழக்குக்கு நட்ட எல்லைக்கல் ஆனார்கள்.

நார்வேக்கு வடக்கேயுள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் குடியிருப்பின் எடை இன்னும் குறைவு. 1920 ஒப்பந்தம் ஆட்சியுரிமையை நார்வேக்கும், தொழில் செய்யும் சம உரிமையைக் கையெழுத்திட்ட மற்ற நாடுகளுக்கும் தந்துவிட்டதால், பேரன்ட்ஸ்பர்க்கில் ருஷ்யச் சுரங்க ஊர் பல்லாண்டு நீடித்தும் அந்த மண் ருஷ்யாவுடையதாகவில்லை. நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது; அதனால் இந்தியாவுக்கு ஒரு சென்ட் நிலம் வந்துவிடவில்லை.

நிலத்தை விட்டுக் கடலுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. 1985-இல் அமெரிக்காவின் 'போலார் சீ' என்ற பனியுடைப்புக் கப்பல் அனுமதி கேட்காமல், கனடாவின் வடதீவுகளுக்கு இடையே செல்லும் வடமேற்குக் கடல்வழியில் சென்றது. தீவுகளுக்கு இடைப்பட்ட நீர் தன் உள்நாட்டு நீர் என்பது கனடாவின் வாதம்; அது பன்னாட்டு நீரிணை என்பது அமெரிக்காவின் வாதம். இங்கே கனடா கையில் எடுத்த முக்கியச் சான்று, இனுயிட் மக்கள் உறைந்த கடலின் மேல் தொன்றுதொட்டு வேட்டையாடி, பயணித்து, வாழ்ந்து வருகிறார்கள் என்பது. இனுயிட் மக்களுக்கும் கனடா அரசுக்கும் இடையிலான 1993-இன் நூனாவுட் ஒப்பந்தமும் அத்தீவுக்கூட்ட நீர்மீதான இறையாண்மைக்கு அம்மக்களின் பயன்பாடு ஆதாரம் என்று எழுதியே வைத்திருக்கிறது. அந்த வாதத்தைத் தாங்குவது 1953-இல் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட குடும்பங்களன்று, யாரும் குடிவைக்காமலே தலைமுறை தலைமுறையாக அந்தப் பனிமேல் நாய்வண்டி ஓட்டியவர்களின் தடம்.