முதல் இதயநோய் ஆய்வுப் பேப்பரை எங்கே அனுப்புவது: வெளிநாட்டுக்கா, நம்ம நாட்டு ஜர்னலுக்கா?

கார்டியாலஜி டி.எம். (இதயநோய் மேற்படிப்பு) படிக்கும் ஜூனியர்கள் தீசிஸை முடித்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, பேப்பரை எங்கே அனுப்பலாம்?" நான் முதலில் வெளிநாட்டு ஜர்னல்கள் இரண்டில் அடிபட்டு, அப்புறம் நம் நாட்டு ஜர்னல் ஒன்றுக்கு வந்தவன். இப்போது யாராவது கேட்டால் முதலிலேயே இங்கே அனுப்பு என்றுதான் சொல்கிறேன்.

பெயருக்கு எது பெரிது என்பதில் சண்டையே இல்லை. சர்க்குலேஷன், யூரோப்பியன் ஹார்ட் ஜர்னல் இரண்டின் இம்பாக்ட் ஃபேக்டரும் (ஒரு ஜர்னலின் பேப்பர்களை மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்) 30-ஐத் தாண்டியது, நம் இந்தியன் ஹார்ட் ஜர்னல் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பேராசிரியர் பதவி உயர்வுக்கு மெட்லைன், ஸ்கோப்பஸ் மாதிரி ஜர்னல்களைத் தொகுக்கும் பட்டியலில் ஜர்னல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பணத்தைப் பொறுத்தவரை, யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்கிற வகை ஜர்னல்களில் பல, பேப்பரை ஏற்றபின் நம்மிடம் சில ஆயிரம் டாலர் கேட்கும். கட்டண விவரத்தை அனுப்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் முடிவை மாற்றியது வேறு: வெளியிடும் முன் நம் பேப்பரைப் படித்து மதிப்பிடுகிற ரிவ்யூவருக்கு நம் வார்டு தெரியுமா என்பது.

எங்களுடையது சின்ன ஆய்வு. தாலுகா மருத்துவமனையில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுக்கொண்டு, ஆஞ்சியோவுக்காக (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் பரிசோதனை) எங்கள் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த மாரடைப்பு நோயாளிகள் 312 பேர், எல்லாம் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டி எடுத்த கணக்கு. முதல் ஜர்னலின் எடிட்டர் ரிவ்யூவுக்கே அனுப்பாமல் ஒன்பதாம் நாள் திருப்பிவிட்டார். இரண்டாவதில் ஐந்து மாதம் கழித்து ரிஜெக்ட், கூடவே இரண்டு கருத்துகள். ஏன் இவர்களுக்கு 90 நிமிடத்துக்குள் நேரடியாக ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பை பலூனால் திறக்கும் சிகிச்சை) செய்யவில்லை என்பது ஒன்று, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் காட்டித் திருத்துங்கள் என்பது இன்னொன்று. 70 கிலோமீட்டருக்கு அப்பால், ராத்திரி இரண்டு மணிக்கு, அதைச் செய்யும் கேத் லேப் இல்லாத ஊரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பற்றியதுதான் அந்த ஆய்வே. அதை முன்னுரையில் அழுத்திச் சொல்லாதது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆங்கிலம் அப்படியொன்றும் மோசமாக இல்லை.

நம் நாட்டு ஜர்னலிலிருந்து வந்த ரிவ்யூவும் ஒரே ஒரு பக்கம்தான். அதில் மூன்றாவது கேள்வி: "ஊசி போட்ட நேரத்தை எந்தத் தாளிலிருந்து எடுத்தீர்கள்? ரெஃபரல் ஸ்லிப்பா (அனுப்பிய மருத்துவமனையின் சீட்டு), ஆம்புலன்ஸ் தாளா, உங்கள் கேஸ் ஷீட்டா?" சீஃப் படித்துவிட்டுச் சிரித்தார். "இந்த ஆள் ஜி.எச்.சில் டியூட்டி பார்த்தவர்டா."

ரெக்கார்ட் ரூமுக்குப் போய் 312 கட்டுகளையும் மறுபடி இறக்கினோம். நாற்பது பேருக்கு மேல் ஸ்லிப்பில் ஒரு நேரம், கேஸ் ஷீட்டில் ஒரு நேரம், சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். அவசரத்தில் ஹவுஸ் சர்ஜன் நோயாளியின் அட்டெண்டர் சொன்னதை எழுதியிருப்பார், பாவம். திருத்திப் போட்டதும் ஓர் அட்டவணை முழுக்க மாறியது, முடிவுரையில் நாங்கள் பெருமையாக எழுதியிருந்த ஒரு வாக்கியத்தை எடுக்கவேண்டி வந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளை எழுதும்போது எதையெல்லாம் சொல்லவேண்டும் என்று காட்டும், அனுப்பும் முன் நிரப்புகிற ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களில் எட்டாவது, தரவு எங்கிருந்து வந்தது, எப்படி அளந்தீர்கள் என்பதுதான். டிக் போட்டுவிட்டுக் கடந்து போயிருந்தோம்.

பெரிய ஜர்னல் என்றால் இதைக் கட்டாயம் பிடித்திருக்கும் என்று நினைக்காதீர்கள். 2020-ல் கோவிடும் இதயநோயும் பற்றி, ஒரு நிறுவனம் கொடுத்த 169 மருத்துவமனைகளின் தரவு என்று சொல்லி நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு பேப்பர் வந்ததே, அதன் மூலத் தரவை வெளியாட்கள் சரிபார்க்க வழியில்லாமல் போய், ஒரே மாதத்தில் திரும்பப் பெற்றார்கள். அதே நிறுவனத்தின் தரவை வைத்து லான்செட்டில் வந்த பேப்பரும் அதே நாளில், ஜூன் 4 அன்றே, திரும்பப் பெறப்பட்டது.

அதற்காக வெளிநாட்டுப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. இந்திய மாரடைப்பு நோயாளிகளைப் பற்றிய கிரியேட் பதிவேடு 20,937 நோயாளிகளோடு 2008-ல் லான்செட்டில் வந்தது. கேரளத்தில் 63 மருத்துவமனைகளில் நடந்த, மாரடைப்புச் சிகிச்சையின் தரத்தை உயர்த்தும் ஏ.சி.எஸ். குவிக் ஆய்வு 2018-ல் ஜாமாவில் வந்தது. தமிழ்நாட்டு ஸ்டெமி (ஒரு வகைத் தீவிர மாரடைப்பு) திட்டம் அதற்கு முந்தைய வருடமே ஜாமா கார்டியாலஜியில் வந்துவிட்டது. அந்த அளவில் தரவு கையில் இருந்தால் தயங்காமல் மேலேயே அனுப்புங்கள். அங்கே புள்ளியியல் ரிவ்யூ கடுமையாக இருக்கும் என்கிறார்கள், நாங்கள் அதுவரை போகவே இல்லை என்பதால் அது கேள்விப்பட்டது மட்டுமே.

இங்கே வேகமாக நடக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ரிவ்யூவர் பகலெல்லாம் ஆஞ்சியோ பார்த்துவிட்டு ராத்திரி சம்பளம் இல்லாமல் படிக்கிறவர். எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று, நடுவில் இரண்டு நினைவூட்டல் மெயில் வேறு. எல்லாம் ஒரே ஒரு பேப்பரின் கதை, உங்களுக்கு வேறு மாதிரி ரிவ்யூவர் வாய்க்கலாம்.

பதில் கடிதத்தில் ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே ஒட்டி, கீழே பதிலும் திருத்திய வரியின் எண்ணும் கொடுங்கள். தப்பு இருந்தால் இருந்தது என்றே எழுதுங்கள். நாற்பது சொச்சம் பேரின் நேரத்தை மாற்றினோம் என்று நாங்கள் எழுதியதற்கு அந்த ரிவ்யூவர் அடுத்த சுற்றில் நன்றி சொல்லியிருந்தார்.

இப்போது அடுத்த பேப்பருக்குத் தரவு ஏற்றிக்கொண்டிருக்கிறோம். எக்செலில் ஊசி நேரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நெடுவரிசை போட்டிருக்கிறேன்: எந்தத் தாள்?