கிறபிக்ஸ் கார்ட் மாற்றிய பழைய லப்ரொப்: நீண்டநாள் பாவனை அனுபவம்

யாழ்ப்பாணத்தில் கலியாணவீடு, சாமத்தியவீட்டு வீடியோ எடிற் பண்ணும் பலர் பாவித்த வர்க்ஸ்ரேஷன் லப்ரொப்தான் வாங்குகிறார்கள். என்னுடையதும் அப்படித்தான்: 2013 காலத்து மெஷின், நான்காம் தலைமுறை ஐ7, நான்கு ராம் ஸ்லொட். சரியான பாரம். ஆனால் கிறபிக்ஸ் கார்ட் போர்ட்டோடு சேர்த்து ஒட்டியிராது. லப்ரொப் கிறபிக்ஸ் கார்ட்டுக்கென்றே உள்ள எம்எக்ஸ்எம் (MXM) ஸ்லொட்டில் தனியாகப் பூட்டியிருக்கும். அதற்காகவே வாங்கினேன்.

பழைய கார்ட் செத்தபோது என்விடியாவின் குவாட்றோ எம்2000எம் கார்ட் ஒன்றை எடுப்பித்து ஒரு கடையில் பூட்டக் கொடுத்தேன். திரும்பி வந்த மெஷினில் திரை இருட்டு. “அண்ணை, போர்ட் போட்டுது. இனி இதுக்குக் காசு செலவழிக்காதேங்கோ” என்றார் கடைத் தம்பி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கப்ஸ் லொக்கை அழுத்த அதன் லைற் எரிந்து எரிந்து அணைந்தது. உள்ளே மெஷின் ஓடுகிறது, படம் மட்டும்தான் இல்லை.

சார்ஜரையும் பற்றரியையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். பிறகு கார்ட்டையே கழற்றிவிட்டு ஓன் பண்ண, ஐ7 சிப்புக்குள்ளேயே இருக்கும் இன்ரெல் கிறபிக்ஸில் படம் வந்தது. போர்ட் நல்லாயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கார்ட் இல்லாமல் படமே வராத மொடல்களும் உண்டு. அவற்றில் இந்தச் சோதனை செல்லாது. கார்ட்டின் பொன்நிற விளிம்பை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, சாய்வாகச் செருகி அமர்த்தியதும் கார்ட்டோடும் படம் வந்தது. யுஎஸ்பியிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸை ஓடவிட்டுப் பார்த்தேன், கார்ட்டின் பெயர் தெரிந்தது. விண்டோஸில்தான் ட்ரைவர் (கார்ட்டை இயக்கும் மென்பொருள்) ஏற மறுத்தது. கார்ட் வேறு மொடலுக்கென்று வந்தது. அதன் அடையாள எண் என் மெஷினோடு சேர்த்து எந்தக் கார்ட்டுகளுக்கு ஏறலாம் என்று பட்டியல் போடும் ட்ரைவரின் ஐஎன்எஃப் (INF) கோப்பில் இல்லை. அந்த வரியைச் சேர்த்து, விண்டோஸ் ட்ரைவருக்குச் செய்யும் டிஜிற்றல் கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டு ஏற்றினேன்.

பெரிய வில்லங்கம் அதற்குப் பிறகுதான். எடிற் பண்ணிய வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் சில செக்கனில் கார்ட்டின் வெப்பம் 90 பாகையைத் தாண்டும், மெஷின் தானாக நிற்கும். சிப்புக்கும் வெப்பத்தை இழுக்கும் ஹீற்சிங்குக்கும் இடையே பூசும் பேஸ்ற் காய்ந்திருந்தால் வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். இப்படிப் பாய்கிறதென்றால் சிப்பில் ஹீற்சிங்கின் செம்பு தொடவேயில்லை. திறந்து பார்த்தேன், அப்படியேதான். பேஸ்ற் ஒரு மூலையில் மட்டும் நசுங்கியிருந்தது, மற்றப் பக்கம் பூசினபடியே கிடந்தது. மெமரி சிப்களின் மேல் ஒட்டியிருந்த தேர்மல் பாட் (வெப்பத்தைக் கடத்தும் மெத்தைத் துண்டு) அளவுக்கு மீறித் தடிப்பு. ஹீற்சிங் அந்தப் பாட்டில் குந்திக்கொண்டு, நடுச் சிப்புக்கு மேலே அந்தரத்தில் நின்றிருக்கிறது.

பாட் கழன்றால் கையில் கிடைக்கிற தடிப்பை ஒட்டுவது இங்கே பல கடைகளில் வழக்கம். அரை மில்லிமீற்றர் வித்தியாசம் ஒரு கார்ட்டைக் கொல்லப் போதும். மெல்லிய பாட் வைத்து, சிப்பில் கொஞ்சம் பேஸ்ற் பூசி, ஸ்குறூக்களைக் குறுக்குக் குறுக்காக இறுக்கி, உடனே திரும்பக் கழற்றிப் பாருங்கள். செம்பில் சிப்பின் சதுரம் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். பதியும்வரை மூடக்கூடாது. கடைக்காரர் இதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதில் ஒரு பிழையுமில்லை.

அதன்பிறகு சித்திரை வெயிலிலும் எக்ஸ்போர்ட் 70களிலேயே நிற்கிறது. வருடாவருடம் ஃபானில் புழுதி தட்டுவதைத் தவிர வேறு வேலை வைக்கவில்லை.

இப்போது புதிதாக வாங்க நினைப்பவருக்கு இந்த வகையைச் சொல்ல மாட்டேன். என் எம்எக்ஸ்எம் ஸ்லொட் ‘ஏ’ வகை, 55 வற்றுக்கு மேல் தாங்காது; 100 வற் ‘பி’ வகைக் கார்ட் நீளத்தில் பெரியது, உள்ளே அடங்காது. எம்2000எம் மக்ஸ்வெல் என்ற பழைய தலைமுறை. அதற்கு என்விடியாவின் 580 ட்ரைவர் வரிசைதான் கடைசி. ஆனால் இப்படியொன்று ஏற்கனவே வீட்டில் இருந்து, கார்ட் மாற்றிய பிறகு “போர்ட் போட்டுது” என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்களென்றால், விற்கமுதல் கார்ட்டைக் கழற்றி ஒருமுறை ஓன் பண்ணிப் பாருங்கள்.