மேய்ச்சல் வாய்க்கூடு: இன்சுலின் கோளாறுள்ள போனிக்கு எவ்வளவு உதவுகிறது?

இங்கிலாந்தில் போனி என்னும் சிறுவகைக் குதிரை வளர்ப்பவர்களுக்கு, புல் செழித்து வளரும் வசந்தமே கவலை மிகுந்த பருவம். எங்கள் வெல்ஷ் போனிக்கு இன்சுலின் கோளாறு இருப்பதைக் கால்நடை மருத்துவர் உறுதிசெய்தபின், மேயும்போது வாயில் மாட்டும், அடியில் சிறு துளையுள்ள ரப்பர் வாய்க்கூடு ஒன்றை வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம்.

புல்லிலுள்ள குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் ஆகியவை சிறுகுடலில் செரித்து இரத்தத்தில் கலந்து இன்சுலினை உயர்த்துகின்றன. அந்த உயர்வு அளவுமீறி நீடித்தால், குளம்பையும் உள்ளெலும்பையும் இணைக்கும் திசு தளர்ந்து, லாமினைடிஸ் என்னும் கொடிய வேதனை தரும் நோய் வரும். ரை புல் போன்ற குளிர்நிலப் புற்கள் சேமித்து வைக்கும் ஃபிரக்டான் என்னும் சர்க்கரைத் தொடரின் வழி வேறு. அதைச் சிதைக்கும் நொதி குதிரைக்கு இல்லாததால், நுண்ணுயிர்களே, பெரும்பாலும் பெருங்குடலில், அதை நொதிக்கச் செய்கின்றன. அளவோடு இருந்தால் அது குதிரைக்கு ஆற்றலாகிறது, திடீரென மிகுந்தால் லாக்டிக் அமிலம் பெருகிக் குடல் நிலை குலைகிறது.

வாய்க்கூடு புல்லின் சர்க்கரையைக் குறைப்பதில்லை. உண்ணும் அளவை மட்டுமே குறைக்கிறது. அந்தக் குறைவு ஏறத்தாழ 30 முதல் 80 சதவீதம் வரை இருக்கலாம் என ஆய்வுகள் காட்டுகின்றன. புல்லின் உயரத்தைப் பொறுத்து இது பெரிதும் மாறுவதை நாங்களும் கண்டோம்: நடுத்தர உயரப் புல்லின் நுனி துளைக்குள் எளிதாக வருகிறது, ஒட்ட மேய்ந்த தரையில் போனி ஏமாந்து நிற்கிறது, உயர்ந்து சாய்ந்த புல்லோ உள்ளே நுழைவதே இல்லை. துளை வழியே தடையின்றித் தண்ணீர் குடிக்கிறது. வேலியில் சிக்கினால் தானே விடுபடும் கொக்கி இதன் மிகச் சிறந்த அம்சம். அது இல்லாத வாய்க்கூட்டை யாரும் வாங்க வேண்டாம்.

குறை, கன்னப்பட்டையில் உள்ளது. ஈர நாள்களில் அது தோலை உராய்ந்து முடியை உதிர்த்தது. ஆட்டுத்தோல் உறை சுற்றியபின் புண் வரவில்லை. இந்த விலைக்கு அந்த உறையைத் தயாரிப்பாளரே தந்திருக்க வேண்டும்.

இரவில் உறைபனி விழுந்து, காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும் நாள்களில் இதை மட்டும் நம்பக்கூடாது. குளிரில் புல் வளராததால், ஒளிச்சேர்க்கையில் உருவாகும் சர்க்கரை செலவாகாமல் தேங்கிவிடுகிறது. அத்தகைய நாள்களில் போனியைக் கொட்டிலிலேயே நிறுத்தி, நீரில் ஊறவைத்து வடித்த உலர்புல்லைக் கொடுக்கிறோம். மற்ற நாள்களில் பகலில் மட்டும் அணிவித்து, மாலையில் கழற்றி, கன்னங்களைத் தடவிப் பார்க்கிறோம்.