வெள்ளிக் கணக்கைக் கண்ணில் காட்டும் சௌகார்பேட்டை பட்டறை

தங்கம் சுத்தம் பண்ண சௌகார்பேட்டையில் கடைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அதற்காக நகையோடு சேர்த்து உருக்கிய வெள்ளி எங்கே போச்சு என்று கேட்டால் முகம் கோணாமல் பதில் சொல்லும் கடை குறைவு. மின்ட் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், போர்டுகூட இல்லாத இந்தச் சின்னப் பட்டறை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: 22 கேரட் நகையை நைட்ரிக் ஆசிட்டில் அப்படியே போட்டால் வேலை நடக்காது. வெள்ளி சேர்த்து உருக்கி, தங்கம் நாலில் ஒரு பங்காக வரும்படி இறக்கவேண்டும். 10 கிராம் நகைக்கு 26, 27 கிராம் வெள்ளி பிடிக்கும். அப்புறம் ஆசிட்டில் வெள்ளியும் செம்பும் கரைந்துபோக, தங்கம் பழுப்பு மண்ணாக அடியில் நிற்கும். எல்லோரும் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், வெள்ளி முழுக்க மேலே தண்ணீரில் இருக்கும். "அது கழிவுங்க" என்று அதை உள்ளே எடுத்துப்போன கடையும் நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே பட்டறைக்காரர் அந்தத் தண்ணீரை வேறு வாளிக்கு மாற்றி, நம் எதிரிலேயே செம்புத் தகட்டைத் தொங்கவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் தகடு முழுக்கச் சாம்பல் நிறத்தில் பாசி மாதிரி வெள்ளி படர்கிறது, தட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது, செம்பு கரையக் கரையத் தண்ணீர் நல்ல நீலமாகிறது. 100 கிராம் வெள்ளி இறங்கக் கணக்குப்படி 30 கிராம் செம்பு போதும், ஆனால் ஆசிட் மிச்சம் இருந்தால் அதுவும் செம்பைத் தின்னும், பழுப்புப் புகையும் கிளம்பும். அதனால் ஆசிட்டை அளந்துதான் ஊற்றுகிறார். தகட்டுக்குப் பதில் பழைய மோட்டாரில் சுற்றிய செம்புக் கம்பியை வாங்குவதே இல்லை, அதில் வார்னிஷ் இருக்குமாம். சாலிடர் ஒட்டிய துண்டும் கூடாதாம்.

முடிந்ததா என்று தெரிய, தெளிந்த தண்ணீரில் ரெண்டு சொட்டு எடுத்து உப்புக் கரைசல் விடுகிறார். பால் மாதிரி வெளுத்தால் வெள்ளி பாக்கி. "இருங்கண்ணே, இன்னும் இருக்கு" என்று மறுபடி தகட்டை இறக்குகிறார். சென்னை போர் தண்ணீரிலேயே உப்பு இருப்பதால் கழுவுவதற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான், அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறை இல்லாமல் இல்லை. கழுவுவதில் அவசரப்படுகிறார், கழுவின தண்ணீரில் நீலம் போகும்வரை விடாமல் கேளுங்கள், இல்லையென்றால் செம்பு கூடவே வந்து டச், அதாவது வெள்ளியின் சுத்தம், இறங்கும். எப்படிக் கழுவினாலும் இது சொக்க வெள்ளி ஆகாது, 999 (99.9 சதவீதச் சுத்தம்) வேண்டுமென்றால் கரண்ட் வைத்து எடுக்கிற இடத்துக்குத்தான் போகவேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றே ஒன்று, அதுவும் சந்துப் பக்கம் பார்த்து இருக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்கள் தள்ளியே நிற்பது நல்லது. நீலத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பழைய இரும்பைப் போட்டு அதிலிருந்த செம்பையும் எடுத்துவிடுகிறார், அதுவரை சரி.

கூலி பணமாகத்தான் வாங்குகிறார், வெள்ளியில் பிடிப்பதில்லை. சேர்க்கிற வெள்ளியை நீங்களே கொண்டுபோங்கள், உடைந்த கொலுசே போதும், போடுவதற்கு முன்னாலேயே எடை போட்டுச் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். வண்டி நிறுத்த இடமே கிடைக்காது, உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள்.