‘புது’ ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறீர்களா? அது ஓடிய மணிக்கணக்கைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் புதுசு என்று சொல்லி, மூன்று வருடத்துக்கும் மேல் ஓடித் தேய்ந்த ஹார்ட் டிஸ்க்கை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்கிற கடைகள் நிறைய உண்டு. வருஷக்கணக்காக அங்கேதான் வாங்குகிறேன். அதனால்தான் ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த 500 ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டது. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான். 2 டிபி டிஸ்க் 4,800 ரூபாய் என்றார் கடைக்காரர். பில் கேட்டதும், “பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சார், எதுக்கு வீணா?” என்றார். பில் இல்லாமல் வாங்க மாட்டேன் என்று நின்றேன். அச்சடித்து வந்த பில்லில் சீரியல் நம்பர் இல்லை. கேட்டபோது முகத்தைச் சுளித்துக்கொண்டே பேனாவால் எழுதிக் கொடுத்தார். இப்போது என் கையில் இருக்கும் பிடி அந்த ஒரு வரிதான்.

டிஸ்க்கை மாட்டியதும், எதையும் காப்பி செய்வதற்கு முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்தேன். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் இலவச மென்பொருள். டிஸ்க் மொத்தம் ஓடிய மணி நேரத்தைச் சொல்லும் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்ற இடத்தில் 27,412 என்று இருந்தது. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்தில் இருந்த ‘பவர் ஆன் கவுண்ட்’, அதாவது எத்தனை தடவை போடப்பட்டது என்ற எண்ணிக்கை, வெறும் 61. வீட்டில் ஓடும் கம்ப்யூட்டரை நாம் தினமும் போட்டு அணைப்போம், மூன்று வருடத்தில் அந்த எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கிவிடும். இவ்வளவு மணி நேரம் ஓடியும் 61 தடவைதான் அணைந்து எரிந்திருக்கிறது என்றால், இரவு பகலாக நிற்காமல் ஓடிய ஏதோ ஒரு பெட்டியிலிருந்து கழற்றியது. சிசிடிவி கேமரா படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியில் இருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அதே திரையில் நீல நிறத்தில் ‘குட்’ என்றும் போட்டிருந்தது. அந்தச் சொல்லை நம்பி மூடிவிடாதீர்கள். டிஸ்க்கில் தகவலைச் சேமிக்கும் சிறு பகுதிகளான செக்டார்களில் கெட்டுப்போனவை இருக்கிறதா என்பதை வைத்துத்தான் அது நல்லது கெட்டது சொல்கிறது. எவ்வளவு காலம் ஓடியது என்பதை அது குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

பிறகு டிஸ்க்கை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கவாட்டு ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி, ஏற்கெனவே எங்கோ முடுக்கிக் கழற்றிய மாதிரி வட்டமாகக் கீறல். கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிள் செருகும் இடத்தில் தங்க நிறப் பட்டைகள் மேல் செருகிக் கழற்றிய கோடுகள். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டால் வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது என்று வருகிறது.

கடைக்குப் போனேன். “அது கம்பெனி டெஸ்டிங் ஹவர்ஸ் சார், எல்லாத்துலயும் வரும்” என்றார். மூன்று வருடமா டெஸ்ட் செய்வார்கள்? கம்பெனியிலிருந்து வரும் புது டிஸ்க்கில் அந்த எண் சைபராகவோ அதை ஒட்டியோதான் இருக்கும். பணத்தைத் திருப்பித் தர மாட்டாராம், வேண்டுமானால் வேறு டிஸ்க் தருகிறாராம். அதையும் அங்கேயே மாட்டிக் காட்டச் சொன்னேன். மணிக்கணக்கு சைபர். ஆனால் ஸ்க்ரூ ஓட்டையில் அதே கீறல்! வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இந்தக் கணக்கை அழித்து சைபராக்க முடியும். 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைசே என்ற தொழில்நுட்பச் செய்தி நிறுவனம் இதை வெளியே கொண்டுவந்தது. சீகேட் கம்பெனியின் பழைய டிஸ்க்குகள் கணக்கு அழிக்கப்பட்டுப் புதுசாக விற்கப்பட்டிருந்தன. சீகேட் டிஸ்க்குகளில் ‘ஃபார்ம்’ என்று தனியாக ஒரு பதிவு உண்டு, உண்மையான மணிக்கணக்கு அதில் தங்கியிருந்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் புதிய பதிப்பில் அதைப் பார்க்கலாம். சீகேட் வாங்குபவர்கள் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பழைய டிஸ்க்கைக் கொடுத்தால் 300 ரூபாய் கழித்துக்கொள்கிறேன் என்றார் அதே கடைக்காரர். தயவுசெய்து யாரும் கொடுக்காதீர்கள். ஃபைல்களை டெலீட் செய்தாலும், விண்டோஸில் குவிக் ஃபார்மட் செய்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், ரெக்கவரி மென்பொருளால் எடுத்துவிடலாம். யாருடைய டிஸ்க்கோ என் வீட்டுக்கு வந்த மாதிரி, உங்கள் வீட்டு ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக் படமும் இன்னொருவர் மேசைக்குப் போகும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் மசியாவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வாங்கியதிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட்டால் போதும். அண்மையில் டிஸ்க் வாங்கியவர்கள் இன்றைக்கே அந்த மணிக்கணக்கைப் பாருங்கள். எண் பெரிதாக இருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள்.