தர்பூசணிக்கு நீற்றுச் சுண்ணாம்பா, கல் தூளா, டோலமைட்டா?

கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு முடிந்த வயலில் தர்பூசணி போடலாம் என்று குமரி மாவட்டத்தில் யாரிடம் சொன்னாலும், "மண்ணு புளிச்சுக் கெடக்கும், கொஞ்சம் சுண்ணாம்பு போடு" என்பார்கள். எந்தச் சுண்ணாம்பு என்று கேட்டால், கடையில் எது இருக்கிறதோ அது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மூட்டை விலையை விசாரிப்பதற்கு முன்னால், விதை ஊன்ற இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தர்பூசணி ஓரளவு அமிலத்தைத் தாங்கும் பயிர்தான். பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும்) 6 முதல் 6.8 வரை இருந்தால் நல்லது, 5.5 என்றாலும் சமாளிக்கும். அதற்கும் கீழே போனால்தான் அலுமினியமும் மாங்கனீசும் கரைந்து வேரைப் படுத்தும், மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோய்க்கும் தோதாகிவிடும். தண்ணீர் நிற்கும் நெல் வயலில் பி.எச். கருவியைக் குத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். நீர் தேங்கும்போது அமில மண்ணின் பி.எச். தானாக ஏறும், வயல் காய்ந்ததும் பழையபடி இறங்கிவிடும். தர்பூசணி வளரப்போவது காய்ந்த மண்ணில்.

நீற்றுச் சுண்ணாம்பின் (சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்துப் பொடியாக்கியது) பலம் வேகம். 100 கிலோ கல் தூள் (சுடாத சுண்ணாம்புக் கல்லை அரைத்தது) செய்யும் வேலையை 74 கிலோவிலேயே செய்துவிடும், ஓரிரு வாரத்தில் மண்ணில் மாற்றம் தெரியும். (சுட்ட சுண்ணாம்பு என்றால் 56 கிலோ போதும், ஆனால் ஈரம் பட்டதும் கொதிக்கும், கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து, நான் தொடுவதில்லை.) அந்த வேகம்தான் பலவீனமும். முதல் வருஷம் குழிக்குக் குழி நீற்றுச் சுண்ணாம்பு, பச்சைச் சாணி, யூரியா மூன்றையும் ஒன்றாகப் போட்டு மூடினேன். மறுநாள் வரப்பில் நிற்க முடியவில்லை, அமோனியா வாடை மூக்கைத் துளைத்தது. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "மக்கா, காசு கொடுத்து வாங்கின உரத்தைக் காத்துல விட்டுட்டியே" என்றார். முளைத்த கன்றுகளும் விளிம்பு கருகித்தான் வந்தன. உரத்துக்கும் சுண்ணாம்புக்கும் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், குழியில் மட்டும் போடாமல் பாத்தி முழுக்கத் தூவி உழுதுவிடவும் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. வேர் குழிக்குள்ளேயே அடங்கியா கிடக்கும்?

கல் தூள் நேர் எதிர். மலிவு, கருக்காது, கொஞ்சம் கூடிப்போனாலும் உடனே கெடுதி இல்லை. ஆனால் வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் எடுக்கும், தர்பூசணியின் ஆயுசே 75 முதல் 90 நாள்தான். விதைக்கிற வாரத்தில் இதைப் போட்டால் பலன் அடுத்த நெல்லுக்குப் போகும். கும்பப்பூ உழவிலேயே போட்டுவிட்டால் சரியாக இருக்கும். விரலில் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி இருக்க வேண்டும். நறநறவென்றால் வேண்டாம், பெரிய துகள் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

டோலமைட் என்ற கல்லின் தூளும் மெதுவானதுதான், ஆனால் கூடவே மெக்னீசியம் வருகிறது. முந்தைய பயிரில் அடி இலைகள் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்திருந்தால் யோசிக்காமல் இதையே எடுங்கள். மண் பரிசோதனையில் மெக்னீசியம் போதும் என்று வந்திருந்தால் தேவையில்லை, அது மிஞ்சினால் சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) சுண்ணாம்புச் சத்தையும் (கால்சியம்) செடி எடுப்பது குறையும்.

ஜிப்சத்தை இந்த வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. கால்சியம் தரும், அமிலத்தைக் குறைக்காது, அவ்வளவுதான். அப்புறம், காயின் நுனி அழுகினால் உடனே சுண்ணாம்பைக் குறை சொல்லாதீர்கள். ஒரு நாள் வெள்ளம், நாலு நாள் காய்ச்சல் என்று தண்ணீர் பாய்ச்சினால் மண்ணில் கால்சியம் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது.

என் வயல் குத்தகை, அறுப்பு முடிந்துதான் கைக்கு வரும். அதனால் விதைக்க மூன்று வாரம் முன்னால் அளவாக நீற்றுச் சுண்ணாம்பு, எனக்கு வேறு வழியில்லை. சித்தப்பாவுக்குச் சொந்த வயல், அவர் புரட்டாசியிலேயே டோலமைட் இறக்கிவிட்டார். போன மாசி மாதம் இரண்டு பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, கொடி அவருடையதுதான் கரும்பச்சையாக இருந்தது.