என்ஃபீல்டா, ஸ்பிரிங்ஃபீல்டா? உள்நாட்டுப் போர் மறுநடிப்புக்கு எந்த மஸ்கட்

அமெரிக்க உள்நாட்டுப் போரை மறுநடிப்புச் செய்யும் குழுவில் காலாட்படை வீரராகச் சேருகிறவர் முதலில் வந்து முட்டி நிற்பது இந்தக் கேள்வியில்தான்: பிரிட்டிஷ் 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கி வாங்குவதா, அமெரிக்க 1861 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு வாங்குவதா? இரண்டுமே குழல் வாய்வழியாகக் கறுப்பு வெடிமருந்து கெட்டித்து, நிப்பிள் என்ற சிறு முனையில் தீப்பொறி தரும் கேப் வைத்துச் சுடும் ரைஃபிள் மஸ்கட், அதாவது நீண்ட குழல் துப்பாக்கி. என்ஃபீல்டின் குழல் நீளம் 39 அங்குலம், உள்விட்டம் .577 அங்குலம். ஸ்பிரிங்ஃபீல்டுக்கு 40 அங்குலம், .58. எடை இரண்டுக்கும் நாலு கிலோ சொச்சம். புதிய நகல்கள் பெரும்பாலும் இத்தாலியின் பிரெஷியா வட்டாரத்திலிருந்தே வருகின்றன. பெடர்சோலி, ஆர்மி ஸ்போர்ட் இரண்டும் தெரிந்த பெயர்கள். யூரோஆர்ம்ஸ் மூடப்பட்டுவிட்டது, ஆனால் பழைய சரக்கு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

களத்தில் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது வாங்கியபின், அதுவும் ஏதாவது உடைந்தபின்.

முதலில் உங்கள் குழு எந்த ரெஜிமெண்டை நடிக்கிறது என்று கேளுங்கள். என்ஃபீல்டு ஏறக்குறைய 9 லட்சம் இங்கிலாந்திலிருந்து இறங்கியது. வடக்கும் வாங்கியது, தெற்கும் வாங்கியது. அதனால் இன்று வடக்கின் நீலச் சட்டை, நாளை தெற்கின் சாம்பல் சட்டை என்று ஆள் பற்றாக்குறைக்கு ஏற்பக் கட்சி மாறுகிறவருக்கு அது பொருத்தம். ஸ்பிரிங்ஃபீல்டு அடிப்படையில் வடக்கின் துப்பாக்கி. தெற்கத்திய வீரர் கையில் இருந்தாலும் களத்தில் பறித்தது என்று சொல்லிச் சமாளிக்கலாம், அது வரலாற்றுக்குப் புறம்பும் அல்ல. 1861ஆம் ஆண்டின் ஆரம்பச் சண்டைகளை நடிக்கிற குழு என்றால் இரண்டையும் மறந்துவிட்டு, ரைஃபிளிங் (குழலுக்குள் சுழல் வரிப்பள்ளம்) இல்லாத .69 விட்டமுள்ள 1842 மஸ்கட்டைப் பார்ப்பதே நேர்மை.

நம் பக்கத்து ஆட்களுக்கு என்ஃபீல்டு மேல் தனிப் பிரியம் உண்டு. 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா விவகாரம் என்று பள்ளியில் படித்தோமே, அந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்கானதுதான். பிரியம் சரி, ஆனால் கடையில் கிடைக்கும் என்ஃபீல்டு நகலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

குழலையும் அதைத் தாங்கும் மரக் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று வளையங்களைப் பாருங்கள். 1970களில் பர்மிங்ஹாமின் பார்க்கர் ஹேல் நிறுவனம் நகல் செய்யத் தொடங்கியபோது, என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் செய்த நான்காம் வகையை எடுத்துக்கொண்டது. அந்த வகையில் வளையத்தின் திருகுத் தலை வெளியே துருத்தாமல் உள்ளடங்கி இருக்கும். பின்னால் வந்த இத்தாலியர்களும் பெரும்பாலும் அதே வடிவத்தையே பின்பற்றினார்கள். ஆனால் அமெரிக்கப் போருக்குப் போனவை பெரும்பாலும் பர்மிங்ஹாம் தனியார் பட்டறைகள் செய்த மூன்றாம் வகை. அதில் திருகு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆக, கடையில் எடுத்த என்ஃபீல்டைச் சரிக்குச் சரி அசல் ஆக்க வளையம் மாற்ற வேண்டும், தடித்த கட்டையை இழைக்க வேண்டும், லாக் எனும் சுடும் இயந்திரத்தின் தகட்டில் உள்ள எழுத்துகளையும் மாற்ற வேண்டும். இதைச் செய்து கொடுக்கவே ஆட்கள் இருக்கிறார்கள், செலவும் கணிசம்.

குழலின் மேல் பளிச்செனத் தெரியும் நவீன எழுத்துகள் இரண்டு துப்பாக்கிக்கும் பொதுவான தொல்லை. அதில் இத்தாலியச் சோதனைச்சாலை அடித்த 'பிஎன்' முத்திரை, கறுப்பு வெடிமருந்துக்கென்று சோதிக்கப்பட்டது என்பதற்கான சான்று. சீரியல் எண்ணிலும் சோதனை முத்திரையிலும் நான் அரம் வைக்க மாட்டேன். உங்கள் மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் நீங்களும் வைக்காதீர்கள்.

ஸ்பிரிங்ஃபீல்டு நகலிலும் கட்டை கொஞ்சம் பருமன்தான். இருந்தாலும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே அசலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதைவிடப் பெரிய சாதகம் ரிப்பேரில் இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையும் அதன் ஒப்பந்தக்காரர்களும் ஒரே அளவுகோலில் பாகங்களைச் செய்தார்கள். ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காரும். பர்மிங்ஹாமிலோ ஒவ்வொரு துப்பாக்கியையும் கைவினைஞர் அரம் போட்டுப் பொருத்தினார். எந்த வளையம் எந்தக் கட்டைக்கு என்று மறந்துபோகாமலிருக்கப் பாகங்களில் கீறல் கணக்கும் ரோமன் எண்ணும் வெட்டி வைத்தார். அந்தக் கீறல்களை இன்றும் அசல் என்ஃபீல்டுகளைப் பிரித்தால் பார்க்கலாம். அழகுதான். ஆனால் பழைய பாகங்களைச் சேர்த்துத் துப்பாக்கி கட்ட நினைக்கிறவருக்கு அது பெரிய தலைவலி. அசல் லாக், அசல் வளையம், புதுக் குழல், புதுக் கட்டை என்று கலந்து கட்டுவது ஸ்பிரிங்ஃபீல்டில்தான் சுலபம். அசல் பாகத்தை இத்தாலிய நகலில் நேரே மாட்டிவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். நகலின் திருகு மரைகள் பல மெட்ரிக், அசலோடு ஒத்துப்போகாது.

நகல்களில் முதலில் தேய்வது, கேப்பை அடிக்கும் சுத்தியான குதிரையோடு சேர்ந்து லாக்குக்குள் சுழலும் டம்ப்ளரின் அரைக் குதிரை வெட்டு, அதாவது குதிரையைப் பாதி இழுத்த நிலையில் நிறுத்தும் பள்ளம். வார்ப்பு மென்மையாக இருந்தால் சில சீசனிலேயே விளிம்பு மழுங்கும். அணிவகுப்புக்கு முன் பரிசோதகர் குதிரையை அரைநிலையில் நிறுத்தி விசையை அழுத்துவார். குதிரை விழுந்தால் அன்றைக்கு நீங்கள் வேடிக்கை பார்க்கலாம். மழுங்கிய வெட்டை வீட்டில் அரம் போட்டுக் கூராக்குவது ஆபத்தான சிக்கனம். டம்ப்ளரையும் அந்த வெட்டில் மாட்டும் சியரையும் ஜோடியாக மாற்றுங்கள், அதுவும் தெரிந்த துப்பாக்கிப் பட்டறையில். அடுத்த சோதனை கெசக்கோல், அதாவது மருந்தை இடித்து இறுக்கும் இரும்புக் கோல். அதைக் குழலுக்குள் விட்டால் 'டிங்' என்று மணிபோல ஒலிக்க வேண்டும். 'டொம்' என்று அமுங்கினால் அடியில் கசடு இருக்கிறது, அல்லது ஏதோ அடைத்திருக்கிறது.

துடைப்பதில் மட்டும் என்ஃபீல்டு ஜெயிக்கிறது. கருநீலம் பூசிய குழல், கட்டையின் பின்முனையில் பித்தளைத் தகடு, பித்தளை விசைக்காப்பு. பித்தளை மங்கினாலும் பழமையாகவே தெரியும். ஸ்பிரிங்ஃபீல்டு முழுக்கப் பூச்சில்லாத வெள்ளை இரும்பு. மருந்துக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வர்ஜீனியாவின் ஜூலைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி சோம்பலாக இருந்தால் காலையில் விரல் ரேகையெல்லாம் துருவாகப் பதிந்திருக்கும். சோப்புத் தண்ணீரால் குழலைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவுவது இரண்டுக்கும் கட்டாயம். ஸ்பிரிங்ஃபீல்டில் நிப்பிளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைக் கழற்றினால் தீ போகும் வழியைச் சுத்தம் செய்யலாம். 1863 மாடலில் அதை எடுத்துவிட்டார்கள்.

நிஜக் குண்டு சுடும் போட்டிக்கும் சேர்த்து வாங்குகிறவர் கணக்கு வேறு. மறுநடிப்பில் குண்டே கிடையாது, சண்டைக் காட்சியின்போது கெசக்கோலைக் குழலில் விடவும் பல நிகழ்ச்சிகளில் தடை. குறி வைத்துச் சுடுவதற்கு, பழைய பார்க்கர் ஹேல் என்ஃபீல்டு கைமாற்றில் கிடைத்தால் வளையக் குறையை மன்னித்து வாங்கலாம். வாய் நோக்கி ஆழம் குறையும் அதன் ரைஃபிளிங் நல்ல பெயர் வாங்கியது.

மூன்று வளையத்துக்குப் பதில் இரண்டு வளையமுள்ள குட்டை என்ஃபீல்டு விலை மலிவாக வந்தால் ஆசைப்படாதீர்கள். பின்வரிசைக்காரர் முன்வரிசையின் தோளுக்கு மேலாகச் சுட வேண்டும். குட்டைக் குழலின் வாய் முன்னால் நிற்பவர் காதுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். அதனால் பல குழுக்கள் அதை வரிசையில் சேர்ப்பதில்லை.

இரு பக்கமும் நடிக்கப் போவதில்லை, ரிப்பேரை நீங்களே கற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது என்றால், துருவோடு மல்லுக்கட்டத் தயாராகி ஸ்பிரிங்ஃபீல்டே எடுங்கள். பயனெட்டை (குழல் முனையில் மாட்டும் கத்தி) மட்டும் துப்பாக்கி கைக்கு வந்தபின் வாங்குங்கள். நகல் பயனெட்டுகள் பல இந்தியாவில் செய்து வருபவை. அவற்றின் சாக்கெட் எல்லாக் குழலிலும் முதல் தடவையே உட்காராது, மாட்டிப் பார்த்து எடுப்பதுதான் வழி.